கூலி: ஆள் நீங்கிய சொல்

ஆங்கில அகராதிகளில் ‘கூலி’ என்றொரு சொல் உண்டு. உடலுழைப்பையே நம்பி வாழ்ந்த ஆசியத் தொழிலாளியை அது இழிவுக் குறிப்புடன் சுட்டும். அதன் மூலம் பற்றி அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. 1886இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ மேற்கிந்தியக் கோலி இனத்தாரின் பெயரையே மூலமாகக் கருதிற்று. அவர்களுக்கு முன்னரே வில்சன் தமிழ்க் ‘கூலி’யே மூலம் எனக் கொண்டிருந்தார். மூலம் எதுவாயினும், தமிழர் வாழ்ந்த நாடுகளில் இவ்விரு சொற்களும் ஒன்றாகவே கேட்டன என்பதில் ஐயமில்லை.

ஆயின் இரண்டின் பொருளும் ஒன்றன்று. தமிழிற் ‘கூலி’ என்பது உழைப்புக்குரிய ஊதியம். 619ஆம் குறளில் உடல் வருத்தத்துக்குரிய பயனாக அச்சொல் இடம்பெறுகிறது. உழைப்பவரைச் சுட்ட வேண்டின், ‘கூலியாள்’ என ‘ஆள்’ சேர்த்தல் நம் மரபு. ஆங்கிலச் சொல்லிலோ ஆள் இல்லை. ஊதியத்தின் பெயரே மனிதனின் பெயராகி நிற்கின்றது. உழைப்புச் சக்தி பண்டமாகும் சமுதாயத்தில், அதனை விற்பவன் தன் விலையாலேயே அறியப்படுவதன் மொழிவழிச் சான்று இது எனலாம்.

இலங்கையில் இதற்குப் பொருளியல் அடிப்படை இருந்தது. கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொணர்ந்த கங்காணி முறையில், தொழிலாளியின் கடன் ‘துண்டு’ எனும் சீட்டில் எழுதப்பட்டது. அக்கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கு அவன் மாறினான். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்படும்வரை ஆளும் கடனும் சேர்ந்தே கைமாறினர். 1915இல் துரைமாருக்காக வெளிவந்த தமிழ்ப் பயிற்சிநூலின் பெயரே ‘கூலித் தமிழ்’ என்பதாகும். அம்மக்களின் மொழிக்கும் அதே பெயர்தான் சூட்டப்பட்டது.

இதற்கு மறுப்பு நூலகத்திலிருந்து வரவில்லை, தொழிற்களத்திலிருந்தே வந்தது. கோ. நடேசய்யர் 1931இல் தோட்ட மக்களுக்கென அமைத்த சம்மேளனம் ‘தொழிலாளர்’ என்னும் பெயரைத் தாங்கிற்று. 1933இல் வெள்ளவத்தை நெசவாலையில் வேலைநிறுத்தம் செய்தோர் தொழிலாளராகவே அணிதிரண்டனர். ‘கூலி’ விலையைச் சொல்லும். ‘தொழிலாளர்’ எனும் சொல்லில் ‘ஆள்’ மீண்டும் இடம்பெறுகின்றது.

எனினும் ‘தோட்டக் கூலி’ என்னும் வசை நம்மவர் வாயிலிருந்து இன்னும் முற்றாக அகலவில்லை. துரைமார் போய்விட்டனர், அவர்கள் சூட்டிய பெயரை இன்று வழங்குவோர் நாமே. சொல்லின் வரலாற்றை அறிந்த பின்னரும் அதனை வழங்குவோமாயின், அது அறியாமை ஆகாது. வர்க்கச் சார்பே ஆகும்.