குண்டு துளைத்த மேலட்டை

புத்தகக் கடையில் நிற்பவர்களைச் சற்றே கவனித்துப் பாருங்கள். அவர்களுடைய கை எந்தப் புத்தகத்தின் பக்கம் நீளுகிறது? ஆசிரியரின் பெயர் தெரிந்திருந்தால் சரி. தெரியாவிட்டால்? உள்ளே இருக்கும் முந்நூறு பக்கங்களும் வாய் திறக்க முடியாது. அவற்றின் சார்பில் பேசும் பொறுப்பு மேலட்டை ஒன்றுக்குத்தான் உண்டு. அது பேசத் தவறினால், பிரசுரகர்த்தர் போட்ட முதல் முழுவதும் கட்டுக் கட்டாகக் கிடங்கில் தூங்க வேண்டியதுதான்!

கண்ணைக் கவரும் படம் ஒன்றைப் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஓர் அழகிய பெண்ணின் முகத்தை எந்த நாவலுக்கும் போடலாம். அதனாலேயே அது எந்த நாவலுக்கும் சொந்தமாவதில்லை. இந்தப் புத்தகத்துக்கே பிறந்தது, வேறு எதற்கும் பொருந்தாது என்று சொல்லும்படி ஓர் அட்டை அமைவது அபூர்வம். அந்த அபூர்வத்தை வழக்கமாக்கிக் காட்டினார், கல்கத்தாவில் ஓர் இளைஞர். பிற்காலத்தில் உலகம் அவரைச் சினிமா டைரக்டராகக் கொண்டாடிற்று. அவர்தான் சத்யஜித் ரே.

எண்பது ரூபாய்ச் சம்பளம்

அச்சுத் தொழில் ரேயின் குடும்பச் சொத்து. பாட்டனார் உபேந்திரகிஷோர், புகைப்படங்களைப் புள்ளி புள்ளியாக மாற்றி அச்சிடும் 'ஹாஃப்டோன்' முறையில் நம் நாட்டின் முன்னோடி. 1913-ல் 'சந்தேஷ்' என்ற குழந்தைகள் பத்திரிகையைத் தொடங்கியவரும் அவரே. தந்தை சுகுமார் ரே வேடிக்கைப் பாட்டுகளுக்குப் பேர் போனவர். ஆனால் 1923-ல் அவர் காலமானபோது சத்யஜித்துக்கு வயது இரண்டு. பிறகு அச்சகமும் குடும்பத்தின் கையை விட்டுப் போய்விட்டது.

சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸ், வினோத் பிஹாரி முகர்ஜி ஆகியோரிடம் சித்திரம் பயின்ற ரே, 1943-ல் கல்கத்தாவிலிருந்த ஓர் ஆங்கிலேய விளம்பரக் கம்பெனியில் சேர்ந்தார். மாதச் சம்பளம் எண்பது ரூபாய். அதே கம்பெனியில் வேலை பார்த்த டி. கே. குப்தா என்பவர், 'சிக்நெட் பிரஸ்' என்ற பிரசுராலயத்தை அந்த ஆண்டிலேயே ஆரம்பித்தார். அட்டை வரையும் வேலையை ரேயிடம் ஒப்படைத்து, "உம் இஷ்டப்படி செய்யும்" என்று விட்டுவிட்டார். ஜவாஹர்லால் நேரு எழுதிய 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா' நூலை 1946-ல் சிக்நெட் வெளியிட்டபோது, அதற்கு மேலுறை அமைத்ததும் ரேதான்.

புலித்தோலும் நாமாவளியும்

குமாவோன் மலைப் பகுதியில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டின் நூல் வந்தது. வேறொருவராயிருந்தால் பல்லைக் காட்டி உறுமும் புலியை வரைந்திருப்பார். ரே புலியையே வரையவில்லை. அட்டை முழுவதையும் வரி வரியான புலித்தோல் ஆக்கினார். முன் அட்டையில் குண்டு நுழைந்த சிறு துளை. புத்தகத்தைத் திருப்பினால், பின் அட்டையில் குண்டு வெளியேறிய பெரிய துளை! பாயும் குண்டு உள்ளே செல்லும் துளையைவிட வெளியேறும் துளை பெரிதாயிருக்கும் என்பது வேட்டைக்காரர்கள் அறிந்த விஷயம். இரண்டுக்கும் நடுவே இருப்பது என்ன? கார்பெட் எழுதிய பக்கங்கள்! புத்தகமே புலியாகிவிட்டது.

ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்ஸரின் வரலாற்றை அசிந்திய குமார் சென்குப்தா எழுதினார். அந்த நூலுக்கு ரே எடுத்துக்கொண்டது நாமாவளி. வங்காளத்துப் பக்தர்கள் தோளில் போட்டுக்கொள்ளும், பகவானுடைய நாமங்கள் அச்சிட்ட மேல்துணி அது. அதைக் கண்ட வங்காளி எவருக்கும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்நாளில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனி பிளாக் செய்து, தாளைத் தனியாக ஒரு முறை இயந்திரத்தில் ஓட்டியாக வேண்டும். வர்ணம் கூடினால் செலவும் கூடும். ஆகவே வர்ணத்தை நம்பாமல் யோசனையை நம்ப வேண்டியிருந்தது. எழுத்தையே படமாக்குவதிலும் ரே கைதேர்ந்தவர். 1961-ல் தொடங்கிய 'ஏக்ஷண்' என்ற இலக்கியப் பத்திரிகையின் அட்டையில், அந்தப் பெயரின் மூன்று வங்க எழுத்துக்களை வைத்தே இதழுக்கு இதழ் புதுப்புது உருவங்களைப் படைத்தார். அவர் அமைத்த 'ரே ரோமன்' என்னும் ஆங்கில எழுத்து வடிவம் 1971-ல் சர்வதேசப் போட்டி ஒன்றில் பரிசும் பெற்றது.

மாங்கொட்டைப் பீப்பி

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான புத்தகம் ஒன்று உண்டு. விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் 'பதேர் பாஞ்சாலி' நாவலைக் குழந்தைகளுக்காகச் சுருக்கி, 'ஆம் ஆண்டிர் பேம்பு' என்ற பெயரில் வெளியிட சிக்நெட் ஏற்பாடு செய்தது. 'மாங்கொட்டைப் பீப்பி' என்று பொருள். 1944-ல் அதற்குப் படம் வரையும் வேலை ரேயிடம் வந்தது. அதுவரையில் அவர் அந்த நாவலைப் படித்ததே இல்லை!

படம் வரைவதற்காகப் படித்தார். படித்தவர் மனத்தில் அப்புவும் துர்க்காவும் குடியேறினார்கள். இந்தச் சுருக்கம் நல்ல சினிமாவாகும் என்று குப்தாவும் ஒரு வார்த்தை போட்டு வைத்தார்.

1952-ல் படப்பிடிப்பு ஆரம்பமாயிற்று. கையில் பணமில்லை. ரே தம்முடைய இசைத்தட்டுக்களை விற்றார். இன்ஷூரன்ஸ் பாலிசி அடகுக்குப் போயிற்று. மனைவியின் நகைகளும் போயின. விளம்பரக் கம்பெனி வேலையை விடாமல், கிடைத்த ஓய்வு நாட்களில் படம் பிடித்தார். நடுவே படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றுவிட்டது. முடிவில் மேற்கு வங்க அரசாங்கம் பண உதவி செய்ய, 1955-ல் 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்தது. மறு வருஷம் கான் திரைப்பட விழாவில் பரிசும் கிடைத்தது. குழந்தைகளுக்காக அவர் அன்று வரைந்த சித்திரங்களில் பல, திரையில் காட்சிகளாக உயிர் பெற்றிருந்தன.

அட்டைப்படம் விற்பனைத் தந்திரம் மட்டும் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? நூலைப் படிக்காமல் வரைந்த அட்டை வாசகனைக் கடை வாசல் வரை அழைத்து வரலாம். வீட்டுக்குப் போய்ப் பிரித்த பிறகு அவன் ஏமாந்து போவான். படித்து, உணர்ந்து வரைந்த அட்டையோ கடைசிப் பக்கத்தை மூடும்போது மறுபடியும் ஒரு முறை பார்க்கச் சொல்லும். அப்போது முதலில் பார்த்ததைவிட அதிகமாகத் தெரியும்.

அடுத்த தடவை ஒரு புத்தகத்தை வாங்கும்போது, உள்ளே ஏதாவது ஒரு மூலையில் பொடி எழுத்தில் அட்டை வரைந்தவரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நூலின் முதல் வாசகர்களில் அவரும் ஒருவராக இருக்கக்கூடும்!