படகில் கிடைத்த பித்தளை முகப்பு: அது என்ன கருவி?

பழைய பாய்மரப் படகு வாங்குபவர்கள் சில சமயம் மூன்று பொருள்களைக் கண்டு திகைப்பார்கள்: முள் வைத்த பித்தளை முகப்பு, நீளமான பின்னல் கயிறு, சாய்வான இறக்கைகள் கொண்ட உலோகச் சுழலி. முகப்பில் 'வாக்கர்' என்ற தயாரிப்பாளர் பெயர் பொறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம், படகு கடந்த தூரத்தை அளக்கும் கருவிதான் அது.

எப்படி அளக்கிறது? சுழலியைக் கயிற்றில் கட்டிப் படகுக்குப் பின்னால் நீரில் விடுவார்கள். படகு இழுக்க இழுக்க, இறக்கைகளின் சாய்வால் அது திருகாணிபோலச் சுழலும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் ஒரு சுற்றுக்கான தூரம் அநேகமாக மாறாது. கருவியின் உயிரே இதில்தான். கயிறு கொண்டுவரும் சுழற்சியைப் பல்சக்கரங்கள் எண்ணி, கடல் மைலாகக் காட்டும் (ஒரு கடல் மைல் 1,852 மீட்டர்).

நீரோட்டம் மட்டும் இதன் கணக்கில் வராது. எதிர் நீரோட்டத்தில் படகு நின்ற இடத்திலேயே நின்றாலும் முள் நகரும்!

கயிற்றை மேலே இழுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. முகப்பிலிருந்து கழற்றிய முனையைக் கடலில் விட்டுக்கொண்டே சுழலியை ஏற்றுவார்கள். முறுக்கு தானே அவிழ்ந்துவிடும். சுழலியில் பல் தடம் இருந்தால் வியக்க வேண்டாம். இரையென்று நினைத்து மீன்கள் கவ்வும். அதைத் தவிர்க்கவே கறுப்பு வண்ணம் பூசினார்கள்.