கறுப்புச் சட்டையும் வெள்ளை மையும்

மாணவர்களே, வீட்டில் உள்ள அச்சுப்பொறியில் வெள்ளை மை இருக்கிறதா? பாருங்கள், இருக்காது. சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளே இருக்கும். படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் அது எதையும் தெளிப்பதில்லை; காகிதமே வெள்ளையாகத் தெரிகிறது. அதே மைகளைக் கறுப்பு டி-சட்டையில் தெளித்தால் படம் கண்ணுக்குத் தெரியாது.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் 'டி.டி.எஃப்.' முறை. படத்தைத் துணியில் நேரடியாக அச்சிடாமல், பிளாஸ்டிக் படலத்தில் இடவலம் மாற்றி அச்சிடுவார்கள். முதலில் வண்ணங்கள், அவற்றின் மேல் வெள்ளை. ஈரமான மையின்மீது பசைத்தூளைத் தூவி, சூடாக்கி உருக்குவார்கள். பிறகு படலத்தைச் சட்டையின்மேல் கவிழ்த்து, பொதுவாக 150 முதல் 160 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சில வினாடிகள் அழுத்துவார்கள். படலத்தை உரித்தால் வண்ணம் மேலே, வெள்ளை அடியில். காகிதம் செய்த வேலையை இங்கே வெள்ளை மை செய்கிறது.

இதற்கென்றே செய்த இயந்திரத்தின் விலை அதிகம். அதனால் பலர் எப்சன் எல்1800 போன்ற, ஆறு மை கொண்ட அச்சுப்பொறியை மாற்றியமைக்கிறார்கள். வெளிர் சியான், வெளிர் மெஜந்தா மைகளுக்கான இடத்தில் வெள்ளையை நிரப்புகிறார்கள். வெள்ளையைத் தனி அடுக்காக அச்சிட வேறு மென்பொருளும் தேவை.

எல்லா அச்சுப்பொறியும் இதற்கு உதவாது. சில வகைகள் மையைச் சூடாக்கி, ஆவிக்குமிழியால் துளியை வெளியே தள்ளுகின்றன. துணி மையில் உள்ள பிசின் அந்தச் சூட்டில் கருகி ஒட்டிக்கொள்ளும். எப்சன் அச்சுத்தலையிலோ, மின்னழுத்தம் கொடுத்தால் வடிவம் மாறும் பொருள் மையைப் பிதுக்குகிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்று ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தார்கள். அதன் மறுதலை விளைவே இது.

எங்கள் அறிவியல் கழக மாணவர்கள் பழைய அச்சுப்பொறி ஒன்றை இப்படி மாற்றி, ஐந்து சட்டைகளை அழகாக அச்சிட்டார்கள். பிறகு பள்ளி விடுமுறை. இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்தால் மற்ற நிறங்கள் வந்தன, வெள்ளை வரவில்லை. மாணவர்களின் முகம் வாடிவிட்டது.

காரணம் என்ன? வெள்ளை மையின் நிறமி டைட்டானியம் டைஆக்சைடு. இது ஒளியை நன்றாகச் சிதறடிப்பதால் மெல்லிய பூச்சே கறுப்பை மறைத்துவிடும். ஆனால் அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். அசைக்காமல் வைத்தால் அடியில் படியும். அச்சுத்தலையின் துளைகளோ தலைமுடியைவிட நுண்மையானவை. மை படிந்து, காய்ந்து, துளைகளை அடைத்துவிட்டது.

எனவே வெள்ளை மையை அடிக்கடி கலக்க வேண்டும். தினமும் சிறிதாவது அச்சிட வேண்டும். விடுமுறைக்கு முன் மையை வடித்து, அதற்குரிய திரவத்தால் கழுவ வேண்டும். பசைத்தூளை உருக்கும்போது காற்றோட்டமான இடமும் முகக்கவரியும் ஆசிரியரும் அவசியம்.

இரண்டு கண்ணாடிக் குவளைகளில் அரிசி மாவை நீரில் கரையுங்கள். ஒன்றைக் கலக்கிக்கொண்டே இருங்கள். மற்றதை அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். வித்தியாசம் தெரியும். மாற்றியமைத்த அச்சுப்பொறியை யாராவது விற்க வந்தால் விலையை அப்புறம் கேளுங்கள். "வெள்ளை மையை இது எப்படிக் கலக்கும்?" என்று முதலில் கேளுங்கள்.