கொழுந்துக்கு இருந்த சுதந்திரம்

சந்தையைத் தன்போக்கில் விட்டால் நாடு செழிக்கும் என்று கூறும் பொருளியலறிஞர் பலர். அவர்கள் தமக்குச் சான்றாக நமது மலைநாட்டையே காட்டலாம். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது, தேயிலை பயிரிடும்படி எவரும் ஆணையிடவில்லை. இலாபத்தை நாடியோர் தாமே மாறினர். 1867இலேயே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார், ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர். 1883 ஜூலை 30ஆந் திகதி கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடைபெற்றது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் விளையும் தேயிலைக்கு இன்றும் விலை கூறுவது ஏலமே.

கொழுந்துக்கு இச்சுதந்திரம் இருந்தது. கொழுந்தைக் கிள்ளிய கைக்கு இருந்ததா?

தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர் கங்காணி. வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் தலையிற் கடனாக ஏறின. அவர் வேறு தோட்டம் செல்வதாயின், இன்ன தொகையைச் செலுத்தினால் விடுவிப்போம் என்று துரை எழுதிய ‘துண்டு’ வேண்டும். துண்டில்லாதவரை அடுத்த தோட்டம் ஏற்காது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். கடனோ தீராமல் தொழிலாளியைத் தொடர்ந்து வரும். கூலிக்கு விலை பேசவேண்டிய இடத்திற் கடனுக்கு விலை பேசப்பட்டது!

இதனைச் சுதந்திரச் சந்தை எனலாமா? அக்கொள்கையின் மூலவரெனப் போற்றப்படும் அடம் ஸ்மித்தையே கேட்போம். 1776இல் வெளியான ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலில், இங்கிலாந்தின் குடியிருப்புச் சட்டத்தை அவர் வன்மையாகக் கண்டித்தார். ஏழைத் தொழிலாளி ஒரு கோயிற்பற்றை விட்டு மற்றொன்றிற் குடியேறச் சான்றுப் பத்திரம் கேட்ட சட்டம் அது. ஒருவனுடைய உழைப்பு அவனுடைய முதற் சொத்து. அதை விரும்பிய இடத்தில் விற்கவிடாது தடுப்பது அநீதி என்பது அவர் கருத்து. கூலி உயராதிருக்க முதலாளிமார் ஓசையின்றி ஒன்றுகூடுவர் என்றும் அவர் எச்சரித்தார்.

இங்கே ஓசையின்றிக் கூடவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. துரைமார் தங்கள் சங்கத்தை 1854இலேயே அமைத்துக்கொண்டனர். கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் கண்டதோ 1931இலேதான்.

துண்டை ஒழித்தது சந்தையன்று. 1921ஆம் ஆண்டுச் சட்டம். குறைந்தபட்சக் கூலிக்கு வழிசெய்ததும் 1927ஆம் ஆண்டுச் சட்டமே. இதனாற் சந்தைக் கொள்கையே பொய்யென நாம் முடிவுகட்டவில்லை. வாங்குவோரும் விற்போரும் ‘வேண்டாம்’ என்று எழுந்து செல்லக்கூடிய இடமே சந்தை. ஒருவரைக் கட்டிவைத்துப் பேசும் பேரம் சந்தையாகாது என்றே கூறுகின்றோம்.

துண்டு ஒழிந்து நூறாண்டு கடந்துவிட்டது. ஆயினும், வேலையோடு லயக் காம்பராவும் பிணைந்திருக்கும் குடும்பத்துக்கு, வேலையை விடுவதென்பது கூரையை விடுவதுமாகும். சுதந்திரச் சந்தையின் பெருமை பேசுவோர் முதலில் இந்தக் கூரையின் கணக்கைப் பார்க்கட்டும்.