படுக்கையருகே வரும் பார்ம்.டி. மாணவர்கள்

உங்கள் மருந்துகளை விளக்க வரும் பார்ம்.டி. மாணவர்களுள் ஒருவர் மூத்தவராகவும் மற்றவர் இளையவராகவும் இருப்பர். இந்தியாவில் 2008ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி நடைபெறும் இப்படிப்பு 6 ஆண்டுகள் கொண்டது. இறுதியாண்டு முழுவதும் பயிற்சிக் காலம். நோயாளிக்கு மருந்தை விளக்கும் முறையை மூத்தவரிடமிருந்து இளையவர் கற்கிறார்.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மூட்டுவாதத்திற்கு அதனை வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். “புரிந்ததா?” என்று கேட்டால் பலர் மரியாதைக்காகத் தலையசைத்துவிடுவர். ஆகவே, “எந்தக் கிழமை, எத்தனை மாத்திரை? நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்குமாறு மூத்தவர் பழக்குகிறார். இதில் சோதிக்கப்படுவது உங்கள் நினைவாற்றல் அன்று, மாணவரின் விளக்கமே.

எனவே தயங்காது விடை கூறுங்கள். புரியாததைப் புரியவில்லை என்றே சொல்லுங்கள். உடனிருப்பவரும் கேட்டுக்கொள்ளட்டும். மாணவர் கூறுவது மருந்துச்சீட்டுடன் மாறுபட்டால், மருந்தை உட்கொள்ளுமுன் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். மாணவர்கள் வேண்டாமெனக் கூறவும் உங்களுக்கு உரிமை உண்டு. சிகிச்சையில் எக்குறையும் நேராது.

வீடு திரும்பியபின் மயிலாப்பூரிலோ அடையாறிலோ அதே மருந்தை மீண்டும் வாங்கும்போது, உங்கள் வாயால் ஒருமுறை சொன்ன கிழமையே உங்களுக்குத் துணை நிற்கும்.