மடிக்கணினியின் தனிக்குணமும் லினக்ஸின் பொதுவிதியும்

1881ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணைப்படி தம் வழிவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் புதுச்சேரியில் இருந்தமையால், 1962இல் இப்பிரதேசம் சட்டபூர்வமாக இந்தியாவைச் சேர்ந்தபின் இங்கே அமலுக்கு வந்த இந்து திருமணச் சட்டத்தில், ரெனோன்சான் எனப்படும் அவர்களுக்கு அது பொருந்தாது என்று ஒரு விதிவிலக்கு சேர்க்கப்பட்டது. சட்டத்தின் சரீரம் மாறவில்லை; விலக்கு மட்டும் பெயர் சொல்லித் தனியே எழுதப்பட்டது. லினக்ஸை மடிக்கணினிகளுக்குப் பொருத்துவோர் நெடுநாளாக ஆராய்ந்துவரும் பிரச்சினையும் இத்தகையதே.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸில், வன்பொருளோடு நேராக உறவாடும் மையப் பகுதிக்குக் கர்னல் என்று பெயர். ஆனால் மடிக்கணினிகளோ மாடலுக்கு மாடல் பொது நியமத்திலிருந்து சற்றே பிறழ்ந்த சுபாவம் உடையவை. விசையை அழுத்துகையில் ஒரு சமிக்ஞையும் விடுகையில் இன்னொன்றும் வரவேண்டியிருக்க, சில மாடல்களில் வெளிச்சத்தைக் குறைக்கும் விசை முதலாவதை மட்டும் அனுப்பிவிட்டு வாளாவிருப்பதால், விரலை எடுத்த பின்னரும் அது அழுந்தியே இருப்பதாகக் கருதி, திரை மங்கும் வரை வெளிச்சத்தை இறக்கிக்கொண்டே போகிறது கணினி.

இதற்குப் பரிகாரம் எளிது. ஒவ்வோர் இயந்திரமும் தன்னைச் செய்த கம்பெனியின் பெயரையும் மாடலின் பெயரையும் தன்னுள்ளே தாங்கியிருப்பதால், இன்ன மாடலுக்கு இன்ன திருத்தம் என்று ஓர் அட்டவணை எழுதிவிடலாம். அந்த அட்டவணை எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. கர்னலுக்குள் வைத்தால், புதிய மாடல் ஒவ்வொன்றுக்கும் கர்னலையே புதுப்பித்து, கணினியை மறுபடி இயக்க நேரும். ஆகவேதான் விசைகளின் பிழைகளும், தலைகீழாகப் பொருத்திய சாய்வறியும் உணரியால் திரை தவறான திசையில் திரும்பும் தோஷமும், கர்னலுக்கு வெளியே யூடெவ் என்னும் நிரலின் வன்பொருள் விவரத் தொகுதியில், யாரும் படித்தறியக்கூடிய சில வரிகளாக எழுதப்படுகின்றன. எனினும், விசைப்பலகையை ஆளும் சில்லையே கணினி விழித்தெழும் தருணத்தில் தனி முறையில் எழுப்ப வேண்டிய மாடல்களும் உண்டு. வெளி நிரல்கள் இயங்கத் தொடங்குமுன்பே தேவைப்படும் அத்தகைய திருத்தத்துக்குக் கர்னலைத் தவிர வேறு இடமில்லை. அவசியமானது உள்ளே, ஏனையவை வெளியே என்பதே நேரிய கொள்கை.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பகால இயந்திரங்களில், விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே மாடல் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கையில் தவழும்போது, யூடெவின் பொதுத் தொகுதியில் சேரும் ஒரு வரி அத்தனை பேருக்கும் உபகாரமாகும். தன் கணினியில் மட்டும் ஒருவர் செய்துகொண்ட திருத்தமோ அவரோடு நின்றுவிடும்.

புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருளைப் பயிலும் மாணவர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுவே: உங்கள் மடிக்கணினியின் கோளாறு ஒன்றை நிவர்த்தி செய்தால், மாடலின் பெயரோடு அதைப் பொதுத் தொகுதிக்கு அனுப்பி வையுங்கள்.