கணக்கில் மட்டும் இருக்கும் விடுப்பு

ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு என்பது, ஒரு தொழிலாளியோ அலுவலரோ செய்து முடித்த வேலைக்கு உரிமையாகப் பெறும் ஓய்வு நாள்களைக் குறிக்கும். வேலை செய்த காலத்துக்கு ஏற்பச் சேர்ந்துகொண்டே வருவதால் இது ஈட்டிய விடுப்பு எனப்படுகிறது. எதிர்பாராத வேலைகளுக்காக ஓரிரு நாள் எடுக்கப்படும் தற்செயல் விடுப்பும், நோயுற்ற காலத்துக்கான மருத்துவ விடுப்பும் இதிலிருந்து வேறானவை. தற்செயல் விடுப்பு ஆண்டு முடிந்ததும் காலாவதியாகிவிடும் என்பதால், டிசம்பர் மாதத்தில் மிச்ச நாள்களை எடுத்துத் தீர்த்துவிடப் பல அலுவலகங்களில் போட்டியே நிலவும். ஈட்டிய விடுப்போ அப்படி எளிதில் அழிவதில்லை. அடுத்த ஆண்டுக்குச் செல்கிறது, குவிகிறது, பிறகு பணமாகவும் மாறுகிறது. அதனாலேயே அது எடுக்கப்படாமல் கிடக்கிறது. ஓய்வுக்கென அளிக்கப்பட்ட உரிமை சேமிப்புக் கணக்காக உருமாறியதும், அந்த மாற்றத்தைப் பணியாளரும் நிர்வாகமும் ஒருசேர இயல்பாக ஏற்றுக்கொண்டதும் தொழிலாளர் நலனில் அக்கறை கொண்ட எவரையும் கவலைகொள்ள வைக்கக்கூடியவை.

இந்த உரிமை எளிதில் கிடைத்ததன்று. வார விடுமுறைகூடப் போராடிப் பெறப்பட்டதுதான். பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிய நாராயண் மேகாஜி லோகாண்டேயின் தொடர்முயற்சிக்குப் பின்னரே, 1890ஆம் ஆண்டு ஜூன் 10 அன்று அந்நகர ஆலை முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமையை விடுமுறையாக ஏற்றுக்கொண்டனர். ஊதியம் பிடிக்கப்படாத ஆண்டு விடுப்பு அதற்கும் பிந்தியது. 1936இல் பிரான்சில் லெயோன் புளூம் தலைமையில் அமைந்த மக்கள் முன்னணி அரசு, நாடு தழுவிய வேலைநிறுத்தங்களை அடுத்து, எல்லாத் தொழிலாளர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு வார ஊதிய விடுப்பைச் சட்டமாக்கியது. சலுகைக் கட்டணத்தில் ரயில் பயணச்சீட்டும் அளிக்கப்பட, அதுவரை கடற்கரையையே பார்த்திராத ஆலைக் குடும்பங்கள் அந்தக் கோடையில் பயணம் புறப்பட்டன. அதே ஆண்டில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தனது 52ஆம் உடன்படிக்கையின் வாயிலாக, ஓராண்டு பணி முடித்தவருக்குக் குறைந்தது 6 வேலை நாள் விடுப்பு வேண்டும் என்று வகுத்தது. 1948இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மனித உரிமைகள் பிரகடனத்தின் 24ஆம் பிரிவு, ஓய்வையும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையையும் மனிதரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

இந்தியாவின் தொழிற்சாலைகள் சட்டமும் அதே 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்டதுதான். ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் விடுப்பு சேரும் என்று அச்சட்டத்தின் 79ஆம் பிரிவு கூறியது. அதாவது சரியாக 240 நாள் வேலை செய்தவருக்கு 12 நாளும், 300 நாள் வேலை செய்தவருக்கு 15 நாளும் உரியனவாக இருந்தன. விடுப்பு தொடங்குவதற்கு 15 நாள் முன்பாக விண்ணப்பிக்க வேண்டும், ஆண்டில் மூன்று தவணைக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும், எடுக்காத நாள்களில் 30 வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லலாம் என்பன அதன் விதிகளாக இருந்தன. நான்கு நாளுக்குக் குறையாமல் விடுப்பில் செல்லும் தொழிலாளிக்கு அந்த நாள்களுக்கான கூலியை விடுப்பு தொடங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்றும் 81ஆம் பிரிவில் ஓர் ஏற்பாடு இருந்தது. கையில் பணமில்லாதவனுக்கு விடுப்பு வெறும் முடக்கமே என்பதை உணர்ந்து எழுதப்பட்ட அருமையான பிரிவு அது. அதன் பயனை முழுமையாகப் பெற்றவர்கள் அதிகம் இருக்க வாய்ப்பில்லை. கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஓராண்டு பணி முடித்த பின் ஆண்டுக்கு 12 நாள் விடுப்பை அளித்து, அதனை 24 நாள் வரை சேர்த்துக்கொள்ளவும் இடம் தந்தது.

அரசுப் பணியில் இந்தச் சேமிப்பு மனப்பான்மை இன்னும் ஆழமாக வேரூன்றியுள்ளது. மத்திய அரசு ஊழியர் ஒருவரின் கணக்கில் ஜனவரியில் 15, ஜூலையில் 15 என ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு வரவு வைக்கப்படுகிறது. உச்ச வரம்பு 300 நாள். ஓய்வுபெறும் நாளில் கணக்கில் இருப்பதற்கு ஈடாக, அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்த்துக் கணக்கிட்டு, பத்து மாதச் சம்பளம் வரை கையில் வரும். மகளின் திருமணத்துக்கோ வீட்டுக் கடனை அடைக்கவோ அந்தத் தொகையை நம்பியிருப்பவர்களைக் குறைகூற இயலாது. எனினும் கணக்கைச் சற்றுப் பொறுமையாகப் போட்டுப் பார்த்தால் வேறொன்று புலப்படும். முப்பது ஆண்டு பணியில் ஒருவருக்குச் சேருவது 900 நாள். அதில் 300 நாளைப் பணமாக்கிக்கொள்ள ஒதுக்கிவைத்தாலும் 600 நாள், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 20 நாள், எடுப்பதற்கென்றே மிச்சமிருக்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியருக்குச் சேமிப்பு வரம்பு 240 நாள். ஆண்டுதோறும் 15 நாளை அரசிடம் ஒப்படைத்து அதற்குரிய ஊதியத்தைப் பெறும் சரண் வசதியும் உண்டு. கொரோனாத் தொற்றுக் காலமான 2020இல் நிறுத்தப்பட்ட அந்த வசதி 2025 அக்டோபர் 1 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தபோது ஊழியர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. அந்தச் சரணையும் ஓய்வுக்காலச் சேமிப்பையும் முழுமையாகப் பயன்படுத்துபவருக்குக்கூட, 900இல் 450ம் 240ம் போக, 210 நாள் எஞ்சுகிறது. ஆண்டுக்கு 7 நாள். பணத்துக்காகவே விடுப்பு எடுப்பதில்லை என்ற வாதம் முழு உண்மையன்று என்பதற்கு இந்தக் கணக்கே சான்று. வரம்பை எட்டிய பிறகும் விண்ணப்பம் எழுதத் தயங்குகிற கைதான் உண்மையான சிக்கல்.

அந்தத் தயக்கத்துக்குக் காரணங்கள் பல. மேலதிகாரி முகம் சுளிப்பார் என்ற அச்சம், தன் வேலை சக ஊழியரின் தலையில் விழும் என்ற கூச்சம், திரும்பி வரும்போது மேசையில் கோப்புகள் குவிந்திருக்கும் என்ற மலைப்பு ஆகியவற்றோடு, விடுப்பே எடுக்காதவரை ஓய்வுபெறும் விழாவில் மேடையேற்றிப் பாராட்டும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பாராட்டைக் கைவிட வேண்டிய காலம் வந்துவிட்டது. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்வோருக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்வோரைவிடப் பக்கவாதம் ஏற்படும் அபாயம் 35 விழுக்காடு அதிகம் என்றும், நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016இல் மட்டும் உலகில் 7,45,000 பேர் இறந்தனர் என்றும் உலகச் சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கூட்டாக வெளியிட்ட மதிப்பீடு தெரிவிக்கிறது. விடுப்பை நேரடியாக ஆராய்ந்த ஆய்வுகளும் உள்ளன. அமெரிக்காவில் இதய நோய் அபாயம் மிகுந்த 12,338 நடுத்தர வயது ஆண்களை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000இல் வெளியான ஆய்வில், ஆண்டுதோறும் தவறாமல் விடுப்பில் சென்றவர்களிடையே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. பொருள் வசதியும் உடல்நலமும் ஏற்கெனவே உள்ளவர்களே அதிகம் விடுப்பு எடுக்கிறார்கள் என்ற ஐயம் இத்தகைய ஆய்வுகளில் எழுவது இயல்பே. வருமானம் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் அந்தத் தொடர்பு நீடித்தது என்பதே கவனத்துக்குரியது.

விடுப்பின் நீளத்தைப் பற்றி நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தது இன்னும் பயனுள்ளது. நீண்ட விடுப்பில் சென்ற ஊழியர்களின் உடல், மன நலன் விடுப்பு தொடங்கியதும் விரைவாக உயர்ந்து, எட்டாம் நாளையொட்டி உச்சத்தை அடைந்து, வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று ஜெசிகா டி புளூம் குழுவினர் 2013இல் எழுதினர். இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. வெள்ளிக்கிழமையை வார இறுதி விடுமுறையோடு ஒட்டவைத்து எடுக்கும் ஓரிரு நாள்கள் அந்த உச்சத்தை எட்டுவதற்குள் முடிந்துவிடுகின்றன. மறுபுறம், பலன் விரைவில் கரைந்துவிடுவதால், பத்து ஆண்டு விடுப்பைச் சேர்த்துவைத்து ஓய்வுக்கு முந்தைய ஆண்டில் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் பொருளற்றதாகிறது. ஓய்வு உணவைப் போன்றது. இந்த ஆண்டுக்குரியதை இந்த ஆண்டே உண்டாக வேண்டும்.

தமிழ்க் குடும்பங்களில் எடுக்கப்படும் விடுப்பும் எந்த வழியில் செலவாகிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். உறவுக்காரர் திருமணம், காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா, குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைத்தல், பெற்றோரின் கண் அறுவைச் சிகிச்சை, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை என்று நாள்கள் ஒவ்வொன்றாகக் கழிகின்றன. சொந்த ஊருக்குச் சென்று உறவுகளோடு இருப்பது வாழ்வின் செல்வங்களுள் ஒன்று. அதை வீண் என்று சொல்லத் துணிவது அறியாமை. ஆனால் அந்தச் செல்வம் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. தீபாவளிக்காக நான்கு நாள் விடுப்பு எடுத்த ஓர் ஆசிரியை, முதல் நாள் பலகாரத்துக்கு மாவு அரைத்து, இரண்டாம் நாள் விருந்தினருக்குச் சமைத்து, மூன்றாம் நாள் பாத்திரங்களைத் துலக்கி, துணிகளைத் துவைத்து, நான்காம் நாள் பேருந்து பிடித்துத் திரும்பும்போது, வருகைப் பதிவேட்டின்படி ஓய்வில் இருந்தவராகிறார். பெண்களின் விடுப்பைக் குறித்த எந்தப் பேச்சும் அடுப்படி வேலையைப் பங்கிட்டுக்கொள்வதைப் பற்றிய பேச்சாகவும் இருந்தாக வேண்டும். கைப்பேசியின் தொல்லை அதற்கு அடுத்தது. விடுப்பில் இருப்பவரை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லி அழைத்து விவரம் கேட்பது இன்று யாருக்கும் தவறாகவே தோன்றுவதில்லை; வேலையிலிருந்து மனம் விலகியிருந்தால்தான் களைப்பு நீங்கும் என்பதை உளவியலாளர் சபீனே சொன்னென்டாக் பல ஆய்வுகளில் விளக்கியுள்ளார்.

விடுப்பு எடுப்பதால் வேலை கெடும் என்று அஞ்சும் நிர்வாகங்கள் வங்கித் துறையைக் கவனிக்கலாம். இந்திய ரிசர்வ் வங்கி, முக்கியப் பொறுப்புகளில் இருக்கும் வங்கி ஊழியர்களை ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே தொடராகக் குறைந்தது 10 வேலை நாள், முன்னறிவிப்பின்றிக் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று பணித்துள்ளது. 2015இல் பிறப்பித்த அறிவுரையை 2021 ஜூலையில் திருத்தி, அந்த நாள்களில் பொதுவான உள் மின்னஞ்சலைத் தவிர வேறெந்தப் பணிக் கணினி வசதியையும் அவர்கள் அணுகக் கூடாது என்றும் தெளிவுபடுத்தியது. இதன் நோக்கம் ஓய்வன்று. ஒருவர் நாள்தோறும் தம் இருக்கையில் இருந்து மறைத்துவரும் முறைகேடு, வேறொருவர் அந்த இருக்கையில் அமர்ந்து அதே கணக்குகளைப் பார்க்கும்போது வெளிப்படும் என்பதே. ஆயினும் அதன் பக்க விளைவு பெரிது. சாவியை வாங்கிக்கொள்ளவும், கடன் கோப்புகளைப் படித்துத் தொடரவும் இன்னொருவர் ஆயத்தமாக இருந்தாக வேண்டிய கட்டாயம் ஏற்படுகிறது. ஒருவர் இல்லாவிட்டால் நின்றுபோகும் அலுவலகம் அவருடைய திறமைக்குச் சான்றன்று, நிர்வாகத்தின் குறைபாட்டுக்கே சான்று.

விடுப்பு எடுப்பதைத் தனிமனிதரின் துணிச்சலுக்கு விட்டுவிடாமல் நிர்வாகத்தின் கடமையாக்கிய நாடுகளும் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலை நேர நெறிமுறை, ஆண்டுக்கு நான்கு வார விடுப்பை உறுதிசெய்வதோடு, வேலையைவிட்டு விலகும்போது தவிர வேறெப்போதும் அதற்கு ஈடாகப் பணம் கொடுக்கக் கூடாது என்று தடுக்கிறது. விடுப்பை எடுக்கும் உண்மையான வாய்ப்பை முதலாளி ஏற்படுத்தித் தராமலும், எடுக்காவிட்டால் அது இழக்கப்படும் என்று தெரிவிக்காமலும் இருந்தால், தொழிலாளி விண்ணப்பிக்கவில்லை என்பதை மட்டும் காரணம் காட்டி அந்த உரிமையை அழித்துவிட முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 நவம்பரில் தீர்ப்பளித்தது. மிகை வேலையால் நேரும் இறப்பைக் கரோஷி என்று தனிப்பெயரிட்டு அழைக்கும் துயரம் கண்ட ஜப்பானில், 1947 முதலே ஊதிய விடுப்புக்குச் சட்டம் இருந்தும் ஊழியர்கள் பல்லாண்டுகளாக அதில் ஏறத்தாழப் பாதியையே எடுத்துவந்தனர். 2019 ஏப்ரல் முதல், 10 நாளும் அதற்கு மேலும் விடுப்பு பெறும் ஒவ்வொருவரும் குறைந்தது 5 நாளை எடுப்பதை நிறுவனமே உறுதிசெய்ய வேண்டும், தவறினால் ஒரு தொழிலாளிக்கு 3 லட்சம் யென் வரை அபராதம் என்று அங்கே சட்டம் திருத்தப்பட்டது.

இந்தியாவின் திசை இதற்கு ஓரளவு எதிரானது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம், 240 நாள் என்ற பழைய தகுதியை 180 ஆகக் குறைத்தது. விண்ணப்பித்து மறுக்கப்பட்ட விடுப்பை வரம்பின்றி அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லும் உரிமையையும் தொடர்ந்து காத்தது. அதேவேளையில், ஆண்டு முடிவில் தொழிலாளி கேட்டால் விடுப்பைப் பணமாக்கிக் கொடுக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. குறைந்த கூலி பெறும் தொழிலாளிக்கு அந்தப் பணம் தேவைதான்; ஆனால் ஓய்வை விற்றுத்தான் கூலியின் பற்றாக்குறையை ஈடுகட்ட முடியும் என்ற நிலை, கூலியை உயர்த்துவதன் மூலம் தீர்க்கப்பட வேண்டியது. ஆண்டின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு பிரிவிலும் விடுப்புப் பட்டியலை ஒட்டுவதும், குறைந்தபட்சம் தொடர்ச்சியாக ஒரு வாரத்தையாவது எடுத்த பின்னரே எஞ்சியதைப் பணமாக்க முடியும் என்ற நிபந்தனையும் இச்சட்டத்தோடு சேர்க்கப்பட வேண்டும்.

தகுதி நாள் குறைக்கப்பட்டதால் பயன்பெற வேண்டியவர்கள் நூற்பாலைகளிலும் பின்னலாடை நிறுவனங்களிலும் ஆண்டில் சில மாதங்கள் மட்டும் வேலை கிடைக்கும் பெண்களும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் ஆவர். 180 நாள் வேலை செய்த பெண்ணுக்கு இப்போது 9 நாள் விடுப்பு உரியது. அவர் ஒரே ஆலையில் ஒரே எந்திரத்தின் முன் நின்றிருந்தாலும், இடையில் ஒப்பந்ததாரர் மாறி, வருகைப் பதிவு முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்குமானால், ஒருவரிடம் 100 நாளும் மற்றவரிடம் 80 நாளுமாகப் பிரிந்து, அந்த 9 நாளும் எந்தக் கணக்கிலும் ஏறாமல் போகும். ஆலை ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியது, ஒப்பந்ததாரரின் பதிவேட்டை அல்ல, அந்தப் பெண் ஆண்டு முழுவதும் வேலைக்கு வந்த நாள்களை ஒரே தொடராகக் காட்டும் ஆலையின் பதிவேட்டை.